பழைய முதலாளியிடம் விசாரித்துத் தரும் சேவை: திருப்பூரிலிருந்து ஒரு மதிப்புரை

திருப்பூரில் உள்ள நடுத்தர அளவிலான ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணியாளர் நிர்வாகத்தைக் கவனித்துக்கொள்பவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வேலைக்கு விண்ணப்பிப்பவர்களின் சான்றுகளையும் முந்தைய பணி விவரங்களையும் சரிபார்த்து, அவர்களுடைய பழைய முதலாளிகளிடம் கருத்துக் கேட்டு அறிக்கையாகத் தரும் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றின் சேவையை எங்கள் நிர்வாகம் ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் பயன்படுத்தி வருகிறது. எங்களிடமிருந்து விலகிச் சென்றவர்களைப் பற்றி வேறு கம்பெனிகளுக்காக அதே நிறுவனம் எங்களிடமே தொலைபேசியில் விசாரிப்பதும் உண்டு. பணம் கொடுத்து அறிக்கை வாங்குவதும், பிறருடைய அறிக்கைக்குள் போகும் பதில்களைச் சொல்வதும் என் வேலையாகவே இருப்பதால், இந்தச் சேவையின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பார்க்க முடிந்தது.

இந்தச் சேவை எல்லா வேலைக்கும் தேவைப்படுவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓவர்லாக், பேட்லாக் எனப்படும் தையல் மெஷின்களில் தைக்கும் டெய்லர்களை எடுக்கும்போது யாரும் யாரிடமும் விசாரிப்பதில்லை. மெஷினில் உட்காரவைத்து நாலு பீஸ் தைக்கச் சொன்னால் கைவேலை தெரிந்துவிடும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் பகுதிகளுக்கும் அப்படித்தான். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், கணக்காளர், கட்டிங் பகுதியின் பொறுப்பாளர், வாங்குநரோடு பேசி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், பெண்கள் விடுதியின் காப்பாளர் ஆகியோரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. துணி ரோல்களும் நூலும் பட்டனும் ஸ்டோர்ஸில் கணக்கில் வராமல் குறைவதும், வாங்குநருக்கு அனுப்ப வேண்டிய மாதிரித் துண்டை நாள் தவறவிட்டு ஆர்டரே கைமாறிப் போவதும் நேர்முகத் தேர்வில் கண்டுபிடிக்கக்கூடிய குணங்களால் நேர்பவை அல்ல. தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு பலர் கம்பெனி மாறுவது இவ்வூர் வழக்கம் என்பதால், அதற்கு அடுத்த வாரங்களில் எங்கள் மேசையில் பயோடேட்டாக்கள் குவியும். ஒவ்வொருவரையும் பற்றி நாங்களே விசாரிக்க நேரமிருக்காது என்ற நிலையில்தான் இந்தச் சேவையை நாடினோம்.

ஆவணச் சரிபார்ப்பில் இவர்களுக்கு நல்ல மதிப்பெண் தருவேன். விண்ணப்பதாரரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெற்ற பிறகே வேலையைத் தொடங்குகிறார்கள். வருங்கால வைப்பு நிதியில் 2014 முதல் நடைமுறையில் உள்ள 12 இலக்கப் பொதுக் கணக்கு எண்ணை அடிப்படையாகக் கொண்டு, அவர் எந்தெந்த நிறுவனங்களில் எந்தத் தேதியில் சேர்ந்து எந்தத் தேதியில் விலகினார் என்ற பணி வரலாற்றை எடுத்து, பயோடேட்டாவில் எழுதியிருப்பதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் தருகிறார்கள். ஒன்றரை ஆண்டு வேலையை மூன்று ஆண்டு என்று நீட்டி எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது என்பதை இந்த ஒப்பீட்டைப் பார்த்த பிறகுதான் அறிந்தேன். ஒரே காலத்தில் இரண்டு நிறுவனங்களில் சந்தா செலுத்தப்பட்டிருந்தால் அதையும் தனியே குறித்துத் தருகிறார்கள். பட்டப்படிப்புச் சான்றைப் பல்கலைக்கழகத்திடம் சரிபார்க்கத் தாமதமாகிறது. அதற்கு இவர்களைக் குறை சொல்ல முடியாது. முகவரிச் சரிபார்ப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆள் நேரில் சென்று வருகிறார்.

ஆயினும் இந்தப் பகுதியிலேயே ஒரு குறை உண்டு. வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். திருப்பூரின் சந்துகளில் பத்துப் பன்னிரண்டு மெஷின்களோடு இயங்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளிலும், சோமனூர், பல்லடம் பகுதி விசைத்தறிக் கூடங்களிலும், கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துச் சிறு பட்டறைகளிலும் தொழில் பழகி மேலே வந்தவர்கள் இங்கே ஏராளம். அவர்களுடைய அந்த ஆண்டுகள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அறிக்கையோ அந்தக் காலத்தைச் சிவப்பு நிறத்தில் ‘வேலை இடைவெளி’ என்று காட்டுகிறது. வேலையே செய்யாமல் இருந்தவருக்கும், பதிவேடு இல்லாத இடத்தில் மாடாய் உழைத்தவருக்கும் ஒரே சிவப்பு. பெங்களூரு மென்பொருள் நிறுவனங்களுக்காக வடிவமைத்த படிவத்தை அப்படியே கொங்கு நாட்டுக்குக் கொண்டுவந்ததன் விளைவு இது என்று நினைக்கிறேன். விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் அறிக்கையில் ‘இன்னும் அங்கே பணியில் உள்ளார்’ என்றே வருகிறது. கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழிந்த பிறகு, விலகிய தேதியைத் தொழிலாளியே இணையத்தில் பதிந்துகொள்ளும் வசதி 2020 முதல் இருக்கிறது. இதை விண்ணப்பதாரருக்கு ஒரு வரியில் தெரிவித்தாலே பாதிச் சிக்கல் தீரும். அந்த ஒரு வரியை இவர்கள் சொல்வதில்லை, நாங்கள்தான் சொல்கிறோம்.

இனி இந்த மதிப்புரையின் முக்கியப் பகுதிக்கு வருகிறேன். ரெபரன்ஸ் எனப்படும் முன்னாள் முதலாளியின் கருத்துக்கு அறிக்கையில் இரண்டு பக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கட்டணத்திலும் கணிசமான பகுதி அதற்காகவே வசூலிக்கப்படுகிறது. வருகை ஒழுங்கு, நேர்மை, உடன் பணிபுரிபவர்களோடு பழகும் விதம், மேலதிகாரிக்குக் கட்டுப்படுதல், விலகியதற்கான காரணம், மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்பது போன்ற கேள்விகளுக்கு ஐந்து தரநிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுகிறார்கள். பார்வைக்கு மிக நேர்த்தியாக இருக்கும் இந்தப் பக்கங்கள்தான் எங்களுக்கு மிகக் குறைவாகப் பயன்பட்டவை. எவருடைய அறிக்கையை எடுத்துப் பார்த்தாலும் ‘மிக நன்று’, ‘நன்று’ என்ற இரண்டுக்குக் கீழே பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொலைபேசியில் அழைப்பவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, எதிரில் உள்ள படிவத்தை வாசிக்கிறார். ஷிப்மெண்ட் நாளில், லாரி வாசலில் நிற்கும்போது அந்த அழைப்பு வருகிறது. முன்பின் தெரியாத ஒருவர் தம்மிடம் முன்பு வேலை பார்த்தவரின் நேர்மையை ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பிடச் சொன்னால், இந்த ஊரில் முதலாளியாக இருக்கும் எவரும் “நல்ல பையனுங்க, ஒண்ணும் குறை சொல்றதுக்கில்லீங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிடத்தான் பார்ப்பார். அடுத்தவர் பிழைப்பில் நாம் ஏன் மண்ணைப் போட வேண்டும் என்ற எண்ணம் ஒரு பக்கம். நாளைக்கு அந்த ஆள் சாமளாபுரம் சந்தையிலோ யாரோ ஒருவர் வீட்டுச் சீரிலோ எதிர்ப்பட்டால் முகம் பார்த்துப் பேச வேண்டுமே என்ற கூச்சம் இன்னொரு பக்கம். இந்தத் தயவும் கூச்சமும் கெட்டவை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவை படிவத்தில் ஏறி, ‘நேர்மை: மிக நன்று’ என்ற அச்சிட்ட எழுத்தாக மாறி, பணம் கட்டியவரின் கைக்கு வரும்போது அவை தகவலைப் போலத் தோற்றமளிக்கின்றன. உண்மையில் அங்கே தகவல் எதுவும் இல்லை.

எங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டோர்ஸ் பொறுப்புக்கு ஒருவரை எடுத்தோம். முந்தைய நிறுவனத்தின் கருத்து எல்லாக் கட்டங்களிலும் முதல் தரம். மீண்டும் எடுத்துக்கொள்வீர்களா என்ற கேள்விக்கு நிச்சயமாக என்ற பதில். சில மாதங்களில் ஜிப்பர், லேபிள் இருப்பில் கணக்கு உதைக்கத் தொடங்கியது. விசாரித்தபோது, அதே குறைக்காகத்தான் பழைய இடத்தில் அவரை ராஜினாமா செய்யச் சொல்லியிருந்தார்கள் என்பதும், சத்தமில்லாமல் போய்விட்டால் நல்லபடியாகச் சொல்லி விடுகிறோம் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்கள் என்பதும் தெரியவந்தது. அவர்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள். அதற்கான விலையை நாங்கள் கொடுத்தோம். சரிபார்ப்பு நிறுவனத்திடம் இதைப் பற்றிக் கேட்டபோது, சொன்னதை எழுதுவது மட்டுமே தங்கள் வேலை என்றார்கள். ஒப்பந்தப்படி அது சரியான பதில்தான். ஆனால் கருத்துச் சொன்னவர் அந்த ஊழியரின் வேலையை நேரில் மேற்பார்வை செய்தவரா, அலுவலகத்தில் வேறு யாரோ ஒருவரா என்பதைக்கூட அறிக்கை சொல்லவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். தொலைபேசியை எடுத்தவர் முன்னலுவலகத்தில் இருந்த பெண். ஸ்டோர்ஸ் எந்த மாடியில் இருக்கிறது என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நேர்மாறான அனுபவமும் உண்டு. ஒரு கணக்காளரைப் பற்றி ‘நம்பகத்தன்மை: மோசம்’ என்று வந்த அறிக்கையைப் பார்த்து நிர்வாகம் அவரை விலக்கிவிட இருந்தது. அறிக்கையில் காரணம் எழுதப்படவில்லை. பழைய நிறுவனத்தின் மேலாளரோடு நானே பேசியபோது, ‘ஆள் வேலையில சுத்தமுங்க, கணக்குல ஒரு பைசா பிசகாதுங்க, ஆனா எங்க மேலேயே வைப்பு நிதி ஆபீசுல மனுக் கொடுத்துட்டாருங்க’ என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். பிடித்த சந்தாவைக் கட்டாமல் வைத்திருந்ததைக் கேட்டதற்காக ஒருவர் நம்பத்தகாதவர் ஆகிவிட்டார். எந்த நிறுவனத்தின் கணக்கையும் ஒப்படைக்கத் தகுந்த ஆள் அவர்தான் என்பது என் கருத்து. இன்று எங்களிடம் இருக்கிறார். ஐந்து தரநிலைகளுக்குள் இந்தக் கதைக்கு இடமில்லை.

இந்தச் சேவையின் மிகக் கடுமையான தவறு ஒன்றை விட்டுவிட முடியாது. வேறொரு நிறுவனத்தில் அப்போது பணியில் இருந்த ஒரு பெண் மெர்ச்சண்டைசர் எங்களிடம் விண்ணப்பித்திருந்தார். அவர் ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே, அவர் வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கே அழைத்து அவரைப் பற்றிக் கருத்துக் கேட்டுவிட்டார்கள். அன்று மாலையே அந்த நிறுவனத்தார் அவரை அழைத்து விசாரித்து, கையில் இருந்த ஆர்டர்களை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் அவரை எடுத்துக்கொண்டோம் என்பது வேறு. எடுக்காமல் இருந்திருந்தால் அவருடைய நிலை என்ன? நாங்கள் கடுமையாக எழுதிய பிறகு, தற்போதைய நிறுவனத்தை எப்போது தொடர்புகொள்ளலாம் என்பதை விண்ணப்பதாரரே குறித்துக் கையெழுத்திடும் கட்டத்தைப் படிவத்தில் சேர்த்தார்கள். வேலை உறுதிக் கடிதம் கொடுத்த பிறகுதான் அந்த அழைப்பு இப்போது போகிறது. திருத்திக்கொண்டதைப் பாராட்டுகிறேன், ஆயினும் இத்தொழிலில் அரிச்சுவடியாக இருந்திருக்க வேண்டிய ஒன்று வாடிக்கையாளர் சொல்லித்தான் வர வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

பணியிலிருந்து விடுவித்ததற்கு அத்தாட்சியாகப் பழைய நிறுவனம் தரும் ரிலீவிங் லெட்டர் விஷயத்திலும் இவர்களுடைய பார்வை குறுகலானது. அந்தக் கடிதம் இல்லாதவரை ‘ஒழுங்காக விலகாதவர்’ என்று அறிக்கை வகைப்படுத்துகிறது. நோட்டீஸ் காலத்துக்கான பணத்தையோ அட்வான்ஸ் பாக்கியையோ வசூலிப்பதற்காகக் கடிதத்தை நிறுத்திவைப்பது நம் பகுதியில் எவ்வளவு சாதாரணம் என்பது இவர்களுக்குத் தெரியாதது அல்ல. நிரந்தரத் தொழிலாளி பணிநீக்கம் செய்யப்பட்டாலும் ஓய்வு பெற்றாலும் அவருக்குப் பணிச் சான்றிதழ் பெறும் உரிமை உண்டு என்று 1946ஆம் ஆண்டின் தொழில் நிலையாணைகள் சட்டத்தை ஒட்டி வந்த மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளிலேயே (வேலையிட விதிகளின் மாதிரி) எழுதப்பட்டிருந்தது. தவறு செய்து நீக்கப்பட்டவருக்கே அந்த உரிமை என்றால், தானாக விலகியவரின் கடிதத்தைப் பிணையாக வைத்திருப்பதற்கு என்ன நியாயம்? வெளிநாட்டு வாங்குநர்கள் எதிர்பார்க்கும், தொழிலாளர்களை நடத்தும் விதம் குறித்த எஸ்.ஏ. 8000 தரத்தில், அசல் அடையாளச் சான்றுகளை நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், தொடர்ந்து வேலை செய்யக் கட்டாயப்படுத்துவதற்காக ஆவணங்களைத் தடுத்து வைக்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது. தணிக்கையாளர் வரும் நாளில் சுவரில் ஒட்டிவைக்கும் இந்த விதிகளை மற்ற நாட்களிலும் பின்பற்றினால் ‘ஒழுங்காக விலகாதவர்’ பட்டியல் பாதியாகச் சுருங்கும்.

அடுத்து, பதில் சொல்பவனாக நான் இருக்கும் பக்கம். எங்கள் முன்னாள் ஊழியரைப் பற்றி இவர்கள் கேட்கும்போது, உண்மையைச் சொன்னால் அவதூறு வழக்கு வருமோ என்ற அச்சம் எங்கள் நிர்வாகத்துக்கும் இருந்தது. அதனால்தான் பல கம்பெனிகள் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகிய மூன்றை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கின்றன. எங்கள் வழக்கறிஞர் இதை விளக்கிய பிறகு அந்த அச்சம் குறைந்தது. 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவைப் போலவே, அவதூறுக்குப் பல விதிவிலக்குகளை வைத்திருக்கிறது. தன்னுடைய அல்லது பிறருடைய நலனைக் காப்பதற்காக நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் குறை அவதூறாகாது என்பது அவற்றுள் ஒன்று. அதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு ஒரு கடைக்காரரைப் பற்றியது: இன்ன ஆளுடைய நேர்மையில் தனக்கு நம்பிக்கையில்லை, ரொக்கம் கொடுத்தாலொழிய அவருக்கு எதையும் விற்காதே என்று தன் கடையைக் கவனிப்பவரிடம் அவர் நல்லெண்ணத்தோடு சொன்னால் அது குற்றமில்லை. நல்லெண்ணம் என்றால் மனம் நல்லதாக இருந்தால் போதும் என்று பொருளில்லை. உரிய கவனத்தோடு சரிபார்த்தும் இருக்க வேண்டும் என்று வழக்கறிஞர் சேர்த்துச் சொன்னார். காதில் விழுந்த பேச்சை ரெபரன்ஸாகச் சொன்னவருக்கு அந்த விதிவிலக்கு கைகொடுக்காது.

வெளிநாடுகளில் நீதிமன்றங்கள் இந்த விஷயத்தை இரண்டு முனைகளிலிருந்தும் தொட்டிருக்கின்றன. ஒரு காப்பீட்டு விற்பனையாளரைப் பற்றிப் பழைய நிறுவனம் கவனக்குறைவாகக் கொடுத்த மோசமான ரெபரன்ஸ் அவருடைய பிழைப்பைக் கெடுத்தபோது, முன்னாள் ஊழியரைப் பற்றிக் கருத்துச் சொல்பவருக்கு, அதை உரிய கவனத்தோடு சொல்லும் கடமை அந்த ஊழியரைப் பொறுத்தே உண்டு என்று பிரிட்டனில் அப்போது உச்ச நீதிமன்றமாக இயங்கிய பிரபுக்கள் அவை 1994இல் தீர்ப்பளித்தது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1997இல் இதன் மறுபக்கத்தைப் பார்த்தது: பாலியல் புகார்களுக்கு உள்ளாகியிருந்த ஒரு பள்ளி நிர்வாகியைப் பற்றி, அதை மறைத்து வெறும் புகழ்ச்சி மட்டும் எழுதிக் கொடுத்த பழைய பள்ளி மாவட்டங்கள் (ஒரு வட்டாரத்தின் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்), அவரால் அடுத்த பள்ளியில் பாதிக்கப்பட்ட மாணவிக்குப் பொறுப்பாக நேரிடும் என்றது. அந்தத் தீர்ப்புகள் இங்கே செல்லுபடியாகும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஸ்டோர்ஸ் விவகாரத்தில் துணியும் லேபிளும் மட்டுமே போயின. பெண்கள் விடுதியின் காப்பாளர் பதவிக்கு அதே போன்ற ஒரு ‘மிக நன்று’ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்துத்தான் இந்த இரண்டாவது வழக்கை எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன்.

அதன் பிறகு நாங்கள் ஒரு முறையை வைத்துக்கொண்டோம். விலகும் ஒவ்வொருவருக்கும், அவருடைய பகுதிப் பொறுப்பாளர் ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறார்: என்ன வேலை செய்தார், எத்தனை பேரை மேற்பார்வை செய்தார், எதில் கெட்டிக்காரர், எதில் குறை இருந்தது, அந்தக் குறைக்கு என்ன ஆதாரம் பதிவில் உள்ளது. ‘பொறுப்பில்லாதவர்’ என்று எழுத அனுமதியில்லை. ‘நான்கு ஷிப்மெண்டுகளில் இரண்டின் ஆவணங்கள் தாமதமாயின, அதற்கான மின்னஞ்சல்கள் உள்ளன’ என்றுதான் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தை விலகுபவரிடமே கொடுத்து, நாளை யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வோம் என்று தெரிவிக்கிறோம். அவருக்கு மறுப்பு இருந்தால் கீழே எழுதலாம்; அதையும் சேர்த்தே சொல்வோம். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் தனக்குத் தெரியாமல் தன்னைப் பற்றி என்ன பேசுவார்களோ என்ற கலக்கம் இல்லாமல் போனவர்களே அதிகம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றி என்ன தரவு கையாளப்படுகிறது என்பதைக் கேட்டறியும் உரிமையைத் தனிநபருக்கு வழங்கும் திசையில் போவதால், ரகசியமாக ஒன்றும் நேரில் ஒன்றும் சொல்லும் பழக்கம் இனி நிலைக்காது என்பதும் எங்கள் கணக்கில் இருந்தது.

இந்தப் பக்கத்தைச் சரிபார்ப்பு நிறுவனத்துக்கு அனுப்பியபோதுதான் அவர்களுடைய படிவத்தின் வறுமை முழுமையாகத் தெரிந்தது. நாங்கள் எழுதிய அத்தனையும் சுருங்கி, ‘நேரந்தவறாமை: நன்று’ என்று எதிர்த்தரப்புக்குப் போயிருக்கிறது. கட்டத்தில் அடங்காததை எழுத அவர்களிடம் இடமில்லை. கரும்பை ஆலையில் கொடுத்து, சக்கையை வாங்கி வந்த கதைதான். மூல வாக்கியங்களை அப்படியே இணைத்து அனுப்புங்கள் என்று கேட்டோம். கேட்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் இணைப்பாகத் தருகிறோம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தச் சேவையைப் பற்றி ஒரு பெரிய நல்ல வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பகுதியில் காலங்காலமாக ரெபரன்ஸ் என்பது வேறு வழியில் நடந்து வருகிறது. எந்த ஊர், யார் வீட்டுப் பையன், தோட்டம் எங்கே, மாமன் யார் என்று விசாரிப்பார்கள். சென்னிமலையிலோ காங்கேயத்திலோ தெரிந்த ஒருவர் ‘நம்ம பையன்தானுங்க’ என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அதில் கிடைக்கும் நம்பிக்கை பொய்யானதும் அல்ல, குடும்பத்தின் மானம் பிணையாக இருப்பதால் பலர் ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள். ஆனால் அந்த விசாரணை ஒருவருடைய உறவையும் சாதியையும் அளக்கிறதே ஒழிய, அவருடைய வேலையை அளப்பதில்லை. சொல்ல ஆளில்லாதவர்கள் அதில் தோற்றுப்போகிறார்கள். தேனிப் பக்கத்திலிருந்து வந்து டெய்லராகச் சேர்ந்து லைன் சூப்பர்வைசராக உயர்ந்த ஒரு பெண்ணும், ஒடிசாவிலிருந்து வந்து கட்டிங் பகுதியில் பத்து ஆண்டுகள் தொழில் பழகிய ஒருவரும் எங்களிடம் பொறுப்பான வேலைகளில் சேர்ந்தது, அவர்களுக்கு இவ்வூரில் மாமன் மச்சான் இருந்ததால் அல்ல. இந்தச் சரிபார்ப்பு நிறுவனத்தின் அறிக்கை அவர்களுடைய பணி வரலாற்றை உறுதி செய்தது. ஊரையும் குலத்தையும் பற்றி அதில் ஒரு கேள்விகூட இல்லை. எங்கள் நிர்வாகத்தில் உள்ள மூத்தவர் ஒருவர் ‘யாருன்னே தெரியாம எப்படிங்க ஸ்டோர் சாவியக் கொடுக்கிறது’ என்று தயங்கியபோது, மேசைமேல் வைத்துக் காட்ட எனக்கு அந்த அறிக்கை இருந்தது. கட்டிய பணத்துக்கு அந்த ஒன்றே போதும் என்று சொல்லும் அளவுக்கு அதை மதிக்கிறேன்.

சேவையின் மற்ற அம்சங்கள் ஏற்கத்தக்கவை. சாதாரண அறிக்கை பத்து நாட்களுக்குள் வந்துவிடுகிறது. கட்டணம் ஒரு மெர்ச்சண்டைசரின் இரண்டு நாள் சம்பளத்துக்குள் அடங்குகிறது. தவறான ஆளை எடுத்து மூன்று மாதம் சம்பளம் கொடுப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை அல்ல. தமிழில் பேசக்கூடிய ஊழியர்கள் இருக்கிறார்கள் என்றாலும் அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே வருகிறது. தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத விண்ணப்பதாரர்கள் எங்களிடம் பலர் உண்டு என்பதால், தமிழ்ப் பிரதியையும் கேட்டிருக்கிறோம்; இன்னும் கிடைத்தபாடில்லை.

இந்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது பணி வரலாறு, படிப்பு, முகவரி ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ரெபரன்ஸ் பகுதியை நீக்கிவிட்டோம். அதற்கேற்பக் கட்டணமும் குறைந்தது. பழைய மேற்பார்வையாளரின் பெயரையும் எண்ணையும் விண்ணப்பதாரரிடமே வாங்கி, வேலை ஓயும் மாலை நேரத்தில் நானோ என் உதவியாளரோ அழைக்கிறோம். நல்லவரா கெட்டவரா என்று கேட்பதில்லை. மாத இருப்புக் கணக்கை யார் எடுத்தார்கள், கணக்கு ஒத்துப்போகாத மாதத்தில் இவர் என்ன செய்தார், இவர் போன பிறகு உங்களுக்கு எந்த வேலை கடினமாயிற்று என்று கேட்கிறோம். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் நீளமானது. நல்லபடியாகப் பேசிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் “அதெல்லாம் ஒண்ணும் சிரமமில்லீங்க” என்று முடித்துக்கொண்டால், அதையும் நாங்கள் குறித்துக்கொள்கிறோம். அதை மட்டும் வைத்து யாரையும் விலக்குவதில்லை, விண்ணப்பதாரரிடமே அதைப் பற்றி நேராகக் கேட்கிறோம்.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களிலிருந்து ஆட்களை எடுக்கும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும், நூற்பாலைகளுக்கும், பம்பு செட் தொழிற்சாலைகளுக்கும் இந்தச் சேவையின் ஆவணப் பகுதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சிறு பட்டறைகளிலிருந்து ஆள் எடுப்பவர்களுக்கு இதனால் பெரிய பயன் இருக்காது. இந்தச் சேவையை எடுப்பவர்கள், கையெழுத்திடுவதற்கு முன்னால், தற்போதைய நிறுவனத்தை அழைக்கும் நேரம், கருத்துச் சொன்னவரின் பதவி, அவர் சொன்ன மூல வாக்கியங்கள் ஆகிய மூன்றும் அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வாயால் கேட்டால் சரி என்கிறார்கள், அடுத்த அறிக்கையில் மறந்துவிடுகிறார்கள்.